செல்ஃபியை வைத்து மிரட்டினால் சட்டம் யார் பக்கம்?

மலையகத்தில் இப்போது தோட்டத்து வரிசை வீடான லயத்துக் காம்பராவில் ஒரு போனாவது இல்லாத குடும்பம் குறைவு. தீபாவளிச் சட்டை, கோயில் தேர், கிரகரி வாவி, தெமோதரை ஒன்பது வளைவுப் பாலம் என்று எங்கே நின்றாலும் ஒரு செல்ஃபி. கொழும்பில் கடையிலோ கார்மென்ட்டிலோ வேலை செய்யும் பிள்ளை அனுப்புகிற செல்ஃபியைப் பார்த்துத்தான் பல அம்மாமார் பிள்ளை இளைத்துவிட்டதா, நன்றாகச் சாப்பிடுகிறதா என்று தெரிந்துகொள்கிறார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தப் படத்தை வைத்து யாராவது மிரட்டினால் நம் இலங்கைச் சட்டம் என்ன பாதுகாப்புத் தருகிறது, அதை எங்கே போய்க் கேட்பது என்பதைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

மிரட்டல் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் வரும். பழகிய காலத்தில் நம்பி அனுப்பிய படத்தைப் பிரிந்த பிறகு காட்டி, "உன் அப்பாவுக்கு அனுப்பவா, தோட்டத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடவா" என்பார்கள். பிறகு காசு கேட்பார்கள், அல்லது தனியாக வரச் சொல்வார்கள், அல்லது இன்னும் படம் அனுப்பச் சொல்வார்கள். இப்போது அந்தரங்கப் படம்கூடத் தேவையில்லை. பேஸ்புக்கில் இருக்கும் சாதாரண முகப் படத்தை எடுத்து, செயற்கை நுண்ணறிவுச் செயலியில் போட்டு நிர்வாணப் படம்போல் மாற்றிவிடுகிறார்கள். ஆகவே "நீ ஏன் படம் எடுத்தாய்" என்று பிள்ளையைத் திட்டுவதால் ஒரு பயனும் இல்லை. படத்தை எடுத்தது குற்றமில்லை. அதைக் காட்டி மிரட்டுவதுதான் குற்றம்.

எந்தச் சட்டம் என்று கேட்டால், முதலில் தண்டனைச் சட்டக்கோவை. பயமுறுத்திக் காசோ பொருளோ பறிப்பது கப்பம் பெறும் குற்றம். அது 372ஆம் பிரிவில் வருகிறது. உடம்புக்குச் செய்யும் கேடு மட்டுமல்ல, மானத்துக்கும் பேருக்கும் கேடு செய்வேன் என்று பயமுறுத்துவதும் இதில் அடங்கும். காசு கேட்காமல் வேறு காரியத்துக்காக மிரட்டினால் அது குற்றவியல் அச்சுறுத்தல். 483ஆம் பிரிவைப் பார்க்க வேண்டும். சொல்லாலோ செயலாலோ பாலியல் தொந்தரவு கொடுப்பதற்கு 345ஆம் பிரிவு இருக்கிறது. அதற்கு ஐந்து ஆண்டு வரை சிறை, அபராதம் அல்லது இரண்டும் கிடைக்கலாம். பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடு கொடுக்கும்படியும் நீதிமன்றம் சொல்லலாம். 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் ஆபாசப் படம் என்றால் விஷயம் இன்னும் கடுமை. 286அ பிரிவின்படி குறைந்தது 2 ஆண்டு, கூடியது 10 ஆண்டுச் சிறை.

இவற்றோடு 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும், அதாவது இணையப் பாதுகாப்புச் சட்டமும், வந்திருக்கிறது. ஒருவரைத் தொந்தரவு செய்யும் நோக்கத்தோடு அவருடைய தனிப்பட்ட தகவலை இணையத்தில் வெளியிடுவது அதன்படி குற்றம். தனிப்பட்ட தகவல் என்பதில் படம், குரல், வீடியோ எல்லாம் சேரும். பேச்சுரிமையைப் பாதிக்கும் என்று இந்தச் சட்டத்துக்குப் பலத்த எதிர்ப்பு உண்டு; அதைத் திருத்தும் பேச்சும் நடக்கிறது. அது எப்படி முடிந்தாலும் மேலே சொன்ன தண்டனைச் சட்டக்கோவைப் பிரிவுகள் இருக்கத்தான் செய்யும்.

சரி, மிரட்டல் வந்துவிட்டது. முதலில் என்ன செய்வது? காசு கொடுக்காதீர்கள். ஒருமுறை கொடுத்தவரிடம் மறுபடியும் கேட்பார்கள். அடுத்தது, எதையும் அழிக்காதீர்கள். மிரட்டிய செய்தி, அந்த ஆளின் கணக்கு, போன் நம்பர், திகதி, நேரம் எல்லாம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, நம்பிக்கையான ஒருவரின் போனிலும் ஒரு பிரதி வையுங்கள். காசு ஏற்கெனவே போயிருந்தால் வங்கிச் சீட்டு அல்லது போன் வழியாகக் காசு அனுப்பும் ஈஸி கேஷ் செய்தியையும் வைத்திருங்கள். பிளாக் செய்வதெல்லாம் அதற்குப் பிறகு.

தோட்டங்களில் வழக்கமாக நடக்கிற ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். விஷயம் வெளியே வந்ததும் இரு வீட்டாரும் தோட்டத் தலைவர் முன்னால் கூடுவார்கள். பையனின் போனை எல்லோருக்கும் முன்னால் உடைப்பார்கள், "இனிமேல் செய்ய மாட்டேன்" என்று எழுதி வாங்குவார்கள், அத்தோடு முடிந்தது என்பார்கள். சில இடங்களில் அவனுக்கே பெண்ணைக் கட்டிவைத்துவிடலாம் என்றும் பேசுவார்கள். போனை உடைத்தால் அழிவது சாட்சியம்தான். படம் கூகுள் கணக்கிலோ இன்னொருவர் போனிலோ அப்படியே இருக்கும். மிரட்டியவனுக்கே ஒரு பெண்ணைக் கொடுப்பதைத் தீர்வு என்று யார் சொன்னாலும் என் மனம் ஏற்காது. ஊர் மரியாதை காக்க நினைக்கும் பெரியவர்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பொலிஸுக்குப் போனால் அதுவே பெரிய உதவி.

பக்கத்துப் பொலிஸ் நிலையத்தில் சிறுவர், மகளிர் பிரிவைக் கேளுங்கள். பெண் பொலிஸிடம் பேச வேண்டும் என்றும் கேட்கலாம். அம்மா, அக்கா, ஆசிரியர் என்று துணைக்கு ஒருவரைக் கூட்டிப் போவது நல்லது. முறைப்பாட்டைத் தமிழில் கொடுப்பது உங்கள் உரிமை. தமிழ் ஓர் அரசகரும மொழி. எந்த அரச அலுவலரோடும் தமிழில் காரியம் பார்க்க அரசியலமைப்பே இடம் தருகிறது. நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகவும் அறிவிக்கப்பட்டவை. அப்படி இருந்தும், நாம் தமிழில் சொல்ல அங்கே சிங்களத்தில் எழுதி "இங்கே கையெழுத்துப் போடுங்கள்" என்று நீட்டுவது நடக்கிறது. என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கையெழுத்துப் போட வேண்டாம். தமிழில் எழுதச் சொல்லுங்கள். முடியாது என்றால் வாசித்து விளக்கச் சொல்லுங்கள். ஒரு சொல் மாறினாலும் வழக்கு வேறு பக்கம் போய்விடும். வரும்போது முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் எழுதிக்கொண்டு வாருங்கள்.

பேர் வெளியே வந்துவிடுமோ என்பதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய பயம். பாலியல் தொந்தரவு முறைப்பாடுகளில் பாதிக்கப்பட்டவரின் பெயரையோ அடையாளத்தையோ அச்சிடுவதும் வெளியிடுவதும் தண்டனைச் சட்டக்கோவையின் 365இ பிரிவின்படி தனிக் குற்றம். இது செய்தித்தாளுக்கும் பொருந்தும், பேஸ்புக்கில் "செய்தி" போடுகிறவருக்கும் பொருந்தும். 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்புத் தருகிறது. முறைப்பாடு செய்ததற்காக அந்த ஆளோ அவர் வீட்டாரோ பயமுறுத்தினால் அதையும் உடனே பொலிஸில் சொல்லுங்கள்.

18 வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் 1929க்கு எடுக்கலாம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் அது. 24 மணி நேரமும் இருக்கும், தமிழிலும் பேசலாம். பிள்ளைதான் பேச வேண்டும் என்றில்லை, விஷயம் தெரிந்த யாரும் பேசலாம். பெண்களுக்கு 1938. பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரும் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரும் இருப்பார்கள். பொலிஸுக்குப் போகத் தயங்குகிறவர்கள் அவர்களிடம் முதலில் பேசிப் பார்க்கலாம். வக்கீலுக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக உதவுகிறது. பல நீதிமன்ற வளாகங்களில் அதன் அலுவலகம் உண்டு.

ஆண் பிள்ளைகளையும் இப்படி மிரட்டுகிறார்கள். வீடியோ கோலில் பெண்போலப் பேசிப் படம் பிடித்துக் காசு பறிக்கும் கூட்டங்கள் இருக்கின்றன. வழி அவர்களுக்கும் இதுதான். வெட்கத்தில் சாப்பிடாமல், தூங்காமல், பேசாமல் ஒரு பிள்ளை ஒதுங்கினால் திட்டாமல் பக்கத்தில் போய் உட்காருங்கள். வாழவே பிடிக்கவில்லை என்று சொன்னால் தாமதிக்காமல் தேசிய மனநல நிறுவகத்தின் 1926க்கு எடுங்கள். பெரிய அரச ஆஸ்பத்திரிகளில் நட்பு நிலையம் என்று ஒரு பிரிவு இருக்கிறது. வன்முறைக்கு ஆளானவர்களோடு தனியாகப் பேசவே அதை வைத்திருக்கிறார்கள்.

அப்புறம், படத்தை எப்படி எடுப்பிப்பது? போலிக் கணக்கு, பரப்பப்படும் படம் பற்றி இலங்கைக் கணினி அவசர உதவிப் பிரிவுக்கு 101இல் சொல்லலாம். 18 வயதைத் தாண்டியவர்களுக்கு ஸ்டாப் என்சிஐஐ (StopNCII) என்ற இலவச இணையத்தளம் ஒன்றும் இருக்கிறது. அதில் படத்தைக் கொடுக்க வேண்டியதில்லை. படம் உங்கள் போனிலேயே இருக்க, அதற்கான ஓர் அடையாளக் குறியீடு மட்டும் உருவாகி பேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டொக் போன்ற நிறுவனங்களுக்குப் போகும். அதே படத்தை யாராவது அங்கே ஏற்றினால் அவர்களால் கண்டுபிடித்துத் தடுக்க முடியும். வயது குறைந்தவர்களுக்கு டேக் இட் டவுன் (Take It Down) என்ற தளம் அதே மாதிரி வேலை செய்கிறது. வாட்ஸ்அப்பில் ஒருவர் இன்னொருவருக்கு அனுப்புவதை இவை தடுக்காது. அதற்குப் பொலிஸ் முறைப்பாடுதான் வழி.

பொலிஸ் நிலையத்தில் முறைப்பாட்டை எடுக்க மறுத்தால் அங்கேயே நின்று சண்டை பிடிக்க வேண்டாம். உதவிப் பொலிஸ் அத்தியட்சகரின் அலுவலகத்துக்குப் போகலாம், எழுத்து மூலமும் கொடுக்கலாம். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் இலக்கம் 1996. கண்டியிலும் பதுளையிலும் அதற்குப் பிராந்திய அலுவலகம் உண்டு. தமிழில் எழுத மாட்டோம் என்று சொன்னால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு 1956இல் முறையிடுங்கள்; எந்த நிலையம், எத்தனையாம் திகதி, யார் மறுத்தார் என்பதைக் குறித்து வைத்துக்கொண்டு பேசினால் வேலை சுலபம்.