ஓடைக்கல்லின் அடியில் ஒரு மணல் வீடு

கொடைக்கானலை அடுத்த வட்டக்கானல் பக்கம், சோலையிலிருந்து இறங்கும் ஓடையில் கைமுட்டி அளவுக் கல் ஒன்றைப் புரட்டிச் சற்று நேரம் உற்றுப் பார்த்தால், அடியில் ஒட்டியிருக்கும் மணல் துணுக்குகளில் ஒன்று மெல்ல நகர்வதைக் காணலாம். ஒரு சென்டிமீட்டர் நீளமே உள்ள அந்த மணற்குழலின் வாயிலிருந்து தலையும் ஆறு கால்களும் வெளிவந்து, கல்லைப் பற்றிக் குழலையும் இழுத்துக்கொண்டு போகும். அதுதான் கேடிஸ் ஈயின் புழு. பெயரில் ஈ இருந்தாலும் இது ஈயன்று. அந்துப்பூச்சிக்கு நெருங்கிய உறவு. அந்தின் சிறகில் செதில்கள் இருக்குமிடத்தில் இதற்கு மயிர்கள் இருப்பதால், 'மயிர்ச்சிறகி' என்று பொருள்படும் ட்ரைகாப்டிரா என்பது இவ்வரிசையின் பெயராயிற்று. உலகில் 16,000-க்கும் மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றுள் ஸ்டெனோசைக்கி கொடைக்கானலென்சிஸ் என்பது இந்த மலையூரின் பெயரையே தாங்கியது.

பட்டுப்புழுவைப் போலவே இதுவும் வாயருகே இழை சுரக்கிறது. ஆனால் இந்த இழையின் புரதத்தில் ஏராளமாக உள்ள பாஸ்பேட் கூறுகள் நீரிலுள்ள கால்சியத்துடன் பிணைந்து உறுதிபெறுவதால், ஈரக் கல்லிலும் அது ஒட்டும். அந்தப் பசையைக் கொண்டு சில இனங்கள் மணலைக் குழலாக்குகின்றன. சில, சருகை நறுக்கி அடுக்குகின்றன. சில, இழுத்துச் செல்லும் வீடு கட்டாமல் நீரோட்டத்துக்கு எதிரே வலை விரித்து, வந்து விழும் துகள்களைத் தின்கின்றன. ஹெலிகோசைக்கி என்னும் பேரினம் (நெருங்கிய இனங்களின் தொகுதி) மணலை நத்தை ஓடுபோலச் சுருட்டிக் கட்டும். 1834-இல் ஐசக் லீ என்ற அமெரிக்க அறிஞர் அதை நத்தை என்றே எண்ணிப் பெயரிட்டுவிட்டார். அவரைக் குறைசொல்ல முடியாது.

வலை விரிப்பதற்கு ஓட்டம் வேண்டும், சருகு வீட்டுக்கு மரநிழலும் தேங்கிய இலைக்குவியலும் வேண்டும். ஆகவே இப்புழுக்களைக் கணக்கெடுக்கும்போது ஓடையை ஒரே இடமாகக் கருதுவது பெரும் பிழை. கல்லில் மோதி நுரைக்கும் பகுதி, அமைதியான மடு, சருகுக் குவியல், நீர் படலமாக வழியும் பாறைமுகம் என ஒவ்வொன்றிலும் தனித்தனியே மாதிரி எடுக்க வேண்டும். ஓட்டப் பகுதிக்குச் சர்பர் வலை ஏற்றது: ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் சதுரச் சட்டத்தை அடித்தளத்தில் பதித்து, அதற்குள் உள்ள கற்களைக் கையால் தேய்த்தால், பெயரும் புழுக்களை நீரே பின்னால் உள்ள வலைப்பைக்குள் கொண்டு சேர்த்துவிடும். பிறகு வெள்ளைத் தட்டில் கொட்டிப் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும், ஏனெனில் அசையாத வரை மணல் வீடு வெறும் மணலாகவே தெரியும். ஆளில்லாத வீடுகளை எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது. மழை வெள்ளம் அவற்றை எங்கிருந்தோ அடித்து வந்திருக்கலாம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த தை, மாசி மாதங்களே கொடைக்கானல் அமைந்த பழனி மலைத்தொடரில் இப்பணிக்கு வசதியானவை.

எத்தனை புழுக்கள் என்பதைவிட எத்தனை வகை என்பதே முக்கியம். கழிவுநீர் சிறிதளவு கலந்த ஓடையில் உணவுத்துகள் பெருகுவதால், வலை விரிக்கும் ஹைட்ரோசைக்கிடே குடும்பத்தில் சில இனங்கள் கல்லுக்குக் கல் நிறைந்திருக்கும். தலைகளை மட்டும் எண்ணுபவர் அதை வளமான ஓடை என்று எழுதிவிடுவார். அங்கே காணாமல்போன மற்றக் குடும்பங்கள்தாம் உண்மையைச் சொல்பவை.

இன்னொரு சிக்கலும் உண்டு. புழுவை வைத்துப் பெரும்பாலும் பேரினம் வரைதான் சொல்ல முடியும். இனத்தை உறுதிசெய்ய வளர்ந்த ஆணின் இனப்பெருக்க உறுப்பின் வடிவம் வேண்டும். அதற்காக மாலை இருட்டியதும் ஓடைக்கரையில் வெள்ளைத் துணி கட்டிப் புறஊதா விளக்கு ஏற்றினால், சிறகுகளைக் கூரைபோல மடித்து அமரும் பூச்சிகள் வந்து சேரும். ஆனால் இரவில் வந்தது எது, பகலில் கல்லடியில் கண்டது எது என்று பொருத்துவது எப்படி? புழு பூச்சியாக மாறும் பருவத்தில் கல்லில் ஒட்டி அடைத்துக்கொள்ளும் கூட்டைத் தேடுவதே வழி. கூடு முதிர்ந்திருந்தால் உள்ளே வளர்ந்த ஆணின் உறுப்புகள் தெளிவாகத் தெரியும். பல இனங்களில் அதே கூட்டின் கடைசியில், புழுவாக இருந்தபோது அணிந்திருந்த தலையின் ஓடும் கால்களின் தோலும் கசங்கிக் கிடக்கும்.