உவமையை நீதிக்கதை ஆக்காதீர்கள்

கிறிஸ்தவச் சிறுகதைத் தொகுப்புகளிலும் ஞாயிறு பள்ளிப் பாடநூல்களிலும் ‘இயேசு சொன்ன நீதிக்கதைகள்’ என்ற தலைப்பு இப்போது அடிக்கடி கண்ணில் படுகிறது. பிரசங்க மேடையிலும் அதே சொல்தான். ஆங்கிலத்தில் பாரபிள் எனப்படும் இந்தக் கதைகளுக்கு ‘நீதிக்கதை’ தவறான தமிழ். சரியான சொல் உவமை. கதை வடிவைச் சுட்ட வேண்டுமானால் உவமைக்கதை.

மூலச்சொல் கிரேக்கத்தின் ‘பரபொலே’. ஒன்றன் பக்கத்தில் மற்றொன்றைப் போடுவது, அதாவது ஒப்பிடுவது, அதன் பொருள். பழமொழி, விடுகதை, ஒப்புமை எல்லாவற்றையும் குறிக்கும் எபிரேய ‘மாஷால்’ என்ற சொல்லும் கிரேக்கத்தில் பெரும்பாலும் இப்படியே பெயர்க்கப்பட்டது. பழைய தமிழ் வேதாகமம் இதற்கு உவமை என்று எழுதியது. ‘பரலோகராஜ்யம் கடுகுவிதைக்கு ஒப்பாயிருக்கிறது’ என்ற வரியைப் பாருங்கள். ‘ஒப்ப’ என்பது தொல்காப்பிய உவமவியல் பட்டியலிடும் உவம உருபுகளுள் ஒன்று. சொல்லும் இலக்கணமும் இவ்வளவு அழகாகப் பொருந்திக் கிடக்க, வேறு சொல்லைத் தேடுவானேன்?

‘உவமை என்றால் மாணவர்களுக்கு மதி போன்ற முகம் என்ற இலக்கணப் பாடம் மட்டுமே நினைவுக்கு வரும், நீதிக்கதை என்றால் எல்லாருக்கும் புரியும்’ என்கிறார்கள். புரிவது எது என்பதே என் கேள்வி. நீதிக்கதையில் நல்லவன் பிழைப்பான், கெட்டவன் கெடுவான், கடைசி வரியில் பாடம் வரும். லூக்கா 16-ஆம் அதிகாரத்தின் அநீதியுள்ள உக்கிராணக்காரனை, அதாவது எஜமானின் சொத்தை நிர்வகிப்பவனை, அந்தச் சட்டத்தில் அடைத்துப் பாருங்கள். வேலை போகப்போகிறது என்று தெரிந்ததும் எஜமானின் கடனாளிகளை அழைத்து, நூறு குடம் எண்ணெய்க் கடனை ஐம்பது என்று மாற்றி எழுதச் சொல்கிறான். எஜமானோ அவன் புத்தியாய்ச் செய்தான் என்று மெச்சுகிறான்! இதற்கு என்ன நீதி எழுதுவீர்கள்? கணக்கைத் திருத்தலாம் என்றா? இயேசுவின் இன்னொரு உவமையில், திராட்சத்தோட்டத்தில் ஒரு மணி நேரம் உழைத்தவனுக்கும் நாள் முழுக்க வெயிலில் வாடியவனுக்கும் ஒரே கூலி. கேட்பவர் மனம் ‘இது நியாயமா?’ என்று முரண்டு பிடிக்க வேண்டும். அங்கேதான் அந்தக் கதை வேலை செய்யத் தொடங்குகிறது. தீர்வைக் கையில் கொடுத்துவிட்டால் முரண்டுக்கு இடமேது?

இன்னொரு குழப்பமும் உண்டு. வேதாகமத் தமிழில் ‘நீதி’ என்பது தேவனுடைய நீதி, நீதிமான் என்று கனத்த பொருளில் வழங்கும் சொல். அதைக் கதைக்கு அடைமொழியாக்கினால் அதன் பொருள் நீர்த்துப்போகிறது.

‘உருவகக் கதை’ என்போரும் உள்ளனர். எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் உருவகக் காப்பியம். அங்கே பாத்திரங்கள் நற்பண்புகளுக்கும் தீக்குணங்களுக்கும் நிற்கின்றன. உவமைக்கதை அப்படி வரிக்கு வரி பொருள் பிரிக்கப்படுவதற்காகச் சொல்லப்படுவதில்லை.

மொழிபெயர்ப்பாளர்கள் எளிமை என்று சொல்லிக்கொண்டு கூர்மையைத் தேய்த்துவிடுகிறார்கள். பாதிப்பு எழுதுகிறவர்களைச் சேர்கிறது. விசுவாசத்தைக் கதையாக்க முனையும் இளைஞர், முன்மாதிரி நீதிக்கதை என்று நம்பி, குடிகாரன் மூன்றாம் பக்கத்தில் மனந்திரும்பும் கதையையே திரும்பத் திரும்ப எழுதுகிறார். பிறன் மனைவியை எடுத்துக்கொண்ட தாவீது அரசனிடம், ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் பறித்த கதையைத் தீர்க்கதரிசி நாத்தான் சொன்னபோது, கோபத்தில் தீர்ப்புச் சொன்னவன் தாவீதே. ‘நீயே அந்த மனுஷன்’ என்ற வார்த்தை அதன் பிறகுதான் வந்தது. பதிப்பாசிரியர்கள் கதையின் அடியில் ‘நீதி:’ என்று கட்டம் போட்டு நிரப்பச் சொல்வதை முதலில் நிறுத்தட்டும்.