5, 3, 1: சிறந்த ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கும் கணக்கு

சம்பா அறுவடை முடிந்து வெயில் ஏறத் தொடங்கினால், அதிராம்பட்டினத்திலிருந்து காரைக்கால் வரை எழுவர் கால்பந்துப் போட்டிகளுக்கான தட்டிகள் முளைத்துவிடும். பள்ளிக்கூடத் திடலிலும், உளுந்து தெளிக்காமல் விட்ட வயலிலும் சவுக்குக் கழி நட்டுக் கோல் கம்பம் கட்டுவார்கள். முதல் பரிசு யாருக்கு என்பதில் தகராறு வராது, ஸ்கோரே சொல்லிவிடும். தகராறெல்லாம் பரிசு மேசையின் ஓரத்தில் இருக்கும் சின்னக் கோப்பைக்குத்தான்: ‘தொடரின் சிறந்த ஆட்டக்காரர்’. கமிட்டியில் மூன்று பேர் ஒதுங்கி நின்று பேசிவிட்டு ஒரு பெயரை மைக்கில் சொல்வார்கள். அது சரியான பெயராகவே இருக்கலாம். ஆனால் எப்படி வந்தது என்று கேட்டால் காட்டுவதற்கு ஒரு காகிதம்கூட இருக்காது.

இதே வேலையை உலக அளவில் இரண்டு விருதுகள் செய்கின்றன. ஒன்று, ‘பிரான்ஸ் ஃபுட்பால்’ இதழ் 1956இல் தொடங்கிய பலோன் தோர். மற்றொன்று, உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் ‘தி பெஸ்ட்’. 2010 முதல் 2015 வரை இரண்டும் ஒன்றாக இருந்து, பிறகு பிரிந்தன. இரண்டிலும் ஆட்டத்துக்கு நிகராகப் பேசுவது எண்ணும் முறை. யார் ஓட்டுப் போடுவது, எத்தனை பெயர் எழுதுவது, எந்த இடத்துக்கு எத்தனை புள்ளி, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்ற நான்கில் ஒன்றை மாற்றினாலும் கோப்பை வேறு கைக்குப் போய்விடும்.

முதலில் புள்ளிகளைப் பார்ப்போம். ‘தி பெஸ்ட்’டில் ஓட்டுப் போடுபவர் மூன்று பெயர்களை வரிசையாகத் தருகிறார். முதல் பெயருக்கு 5, இரண்டாவதுக்கு 3, மூன்றாவதுக்கு 1. இந்த எண்கள் என்ன செய்கின்றன என்பது ஒரு சின்னக் கணக்கில் தெரிந்துவிடும்.

எட்டுப் பேர் ஓட்டுப் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். களத்தில் மூவர்: கோல்களைக் குவித்த 10ஆம் எண் ஃபார்வர்டு, நடுக்களத்தை ஆண்ட 7ஆம் எண், பின்களத்தில் ஒருவரையும் தாண்டவிடாத 4ஆம் எண். நான்கு பேர் 10, 4, 7 என்று எழுதுகிறார்கள். மூன்று பேர் 7, 4, 10. ஒரே ஒருவர் 4, 7, 10. முதல் பெயரை மட்டும் எண்ணினால் 10ஆம் எண்ணுக்கு நான்கு ஓட்டு, அவரே வெற்றியாளர். 5, 3, 1 போட்டுக் கூட்டினால் 10ஆம் எண்ணுக்கு 24, 7ஆம் எண்ணுக்கு 22, 4ஆம் எண்ணுக்கு 26. ஒரே ஒருவரின் முதல் தேர்வாக இருந்த டிஃபெண்டர் கோப்பையைத் தூக்குகிறார்! அதே சீட்டுகளை 10, 4, 1 என்று கணக்கிட்டால் முறையே 44, 38, 38. கோப்பை மறுபடியும் ஃபார்வர்டுக்குப் போகிறது.

மூன்று முடிவிலும் தப்பு இல்லை. முதல் இடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் நடுவே இடைவெளியைப் பெரிதாக வைத்தால் சிலரைப் பித்துப் பிடிக்க வைத்த ஆட்டக்காரர் ஜெயிப்பார். இடைவெளியைச் சுருக்கினால் எல்லோரும் ‘இவரும் நல்லா ஆடினார்’ என்று ஒப்புக்கொண்டவர் ஜெயிப்பார். பின்களத்துக்காரர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகை. பலோன் தோர் வரலாற்றில் அதை வென்ற ஒரே கோல்கீப்பர் 1963இல் லெவ் யாஷின், கடைசியாக வென்ற டிஃபெண்டர் 2006இல் ஃபாபியோ கன்னவாரோ என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பலோன் தோரில் 2024 முதல் ஒவ்வொரு செய்தியாளரும் பத்துப் பெயர் எழுதுகிறார். புள்ளிகள் 15, 12, 10, 8, 7, 5, 4, 3, 2, 1. அதற்கு முன் ஐந்து பெயர், 6, 4, 3, 2, 1 என்ற கணக்கு. ஆண்கள் விருதுக்கு ஃபிஃபா தரவரிசையின் முதல் 100 நாடுகளிலிருந்து நாட்டுக்கு ஒரு செய்தியாளர், பெண்கள் விருதுக்கு முதல் 50 நாடுகளிலிருந்து. 2024இல் ஆண்கள் விருதை வென்ற ஸ்பெயினின் ரோட்ரி 1170 புள்ளி, இரண்டாம் இடம் வந்த பிரேசிலின் வினீசியஸ் 1129. வித்தியாசம் 41. முதலிடத்துக்கு 15, அடுத்ததுக்கு 12 என்பதால், ரோட்ரியை முதலிலும் வினீசியஸை இரண்டாவதாகவும் எழுதிய ஒருவர் அவர்களை இடம் மாற்றினால் வித்தியாசம் 6 குறையும். அப்படி ஏழு பேர் மாற்றியிருந்தால் 42, முடிவே புரண்டிருக்கும். ஏறத்தாழ நூறு பேரில் ஏழு!

ஃபிஃபாவின் முறையில் இன்னொரு படி இருக்கிறது, அதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஓட்டாளர்கள் நான்கு பிரிவு: தேசிய அணிகளின் கேப்டன்கள், பயிற்சியாளர்கள், நாட்டுக்கு ஒரு செய்தியாளர், இணையத்தில் ஓட்டுப் போடும் ரசிகர்கள். நால்வருக்கும் கால் பங்கு. கல்லணையில் நீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நான்காகப் பிரிகிறதல்லவா, அதைத் தலைகீழாக நினைத்துக்கொள்ளுங்கள். நான்கு ஆறு ஓரிடத்தில் வந்து சேருகின்றன, நான்கின் வாயிலும் ஷட்டர், நான்கும் ஒரே அளவுக்குத்தான் திறந்திருக்கும். ரசிகர் ஓட்டு வெள்ளக் காலத்துக் கொள்ளிடம் மாதிரி லட்சக்கணக்கில் வரும். கேப்டன்களோ இருநூறு சொச்சம். ஷட்டர் இல்லாவிட்டால் கேப்டன்களின் ஓட்டு இருந்த இடம் தெரியாது.

அந்த ஷட்டர் வேலை செய்வது இப்படி. ஒவ்வொரு பிரிவிலும் 5, 3, 1 புள்ளிகளைக் கூட்டி வரிசைப்படுத்துகிறார்கள். பிரிவின் முதல் ஆளுக்கு 13, இரண்டாமவருக்கு 11, மூன்றாமவருக்கு 9, பிறகு 8, 7 என்று ஒவ்வொன்றாக இறங்கும். நான்கு பிரிவிலும் முதலிடம் என்றால் 52. 2020இல் போலந்தின் லெவன்டோவ்ஸ்கி அந்த 52ஐ முழுசாக எடுத்தார்.

இதில் ஓர் இழப்பும் உண்டு. மரக்காலில் நெல் அளப்பவர் விளிம்புக்கு மேல் குவிந்ததைத் தட்டிவிடுவதுபோல, எவ்வளவு வித்தியாசத்தில் முந்தினார் என்பதை இந்த மாற்றம் தட்டிவிடுகிறது. 2023 விருதில் செய்தியாளர்களிடம் நார்வேயின் ஹாலண்ட் அர்ஜென்டினாவின் மெஸ்ஸியைவிட இரு மடங்குக்கும் மேல் புள்ளி பெற்றார். பயிற்சியாளர்களிடமும் அவரே முதல். கேப்டன்களும் ரசிகர்களும் மெஸ்ஸியை முதலில் வைத்தார்கள். செய்தியாளர்கள் தந்த அந்தப் பெரிய இடைவெளி 13க்கும் 11க்கும் நடுவே இரண்டே புள்ளியாகச் சுருங்கியது. இருவருக்கும் 48. விதிப்படி, சமநிலையில் கேப்டன்கள் தந்த முதலிட ஓட்டுகளை எண்ணினார்கள்: மெஸ்ஸி 107, ஹாலண்ட் 64. விருது மெஸ்ஸிக்கு. பயிற்சியாளர் விருதில் சமநிலை வந்தால் தேசிய அணிப் பயிற்சியாளர்களின் ஓட்டு தீர்க்கும். 2020இல் லிவர்பூலின் க்ளோப்பும் பேயர்ன் மியூனிக்கின் ஹான்சி ஃப்ளிக்கும் 24க்கு 24 என்று நின்றபோது க்ளோப் வென்றது அப்படித்தான். ஒரே தொழில் செய்பவர் கண்ணுக்குத்தான் கடைசிச் சொல் என்ற இந்த ஏற்பாட்டில் நியாயம் இருப்பதாகவே தோன்றுகிறது.

யார் ஓட்டுப் போடுகிறார்கள் என்பதற்கு 2010ஐவிடத் தெளிவான பாடம் கிடையாது. இரண்டு விருதும் ஒன்றான அந்த ஆண்டு செய்தியாளர்களின் ஓட்டில் முதலிடம் நெதர்லாந்தின் ஸ்னைடருக்கு. கேப்டன்களையும் பயிற்சியாளர்களையும் சேர்த்ததும் அவர் முதல் மூவரிலேயே இல்லை, கோப்பை மெஸ்ஸியிடம் போனது. தேதி என்ன செய்யும் என்பதற்குப் பாடம் 2013. போதிய சீட்டுகள் வந்து சேரவில்லை என்று நவம்பர் 15இல் முடிய வேண்டிய ஓட்டெடுப்பை 29 வரை நீட்டினார்கள். இடையில், நவம்பர் 19இல், ஸ்வீடனுக்கு எதிராக ரொனால்டோ மூன்று கோல் அடித்தார். விருது அவருக்கு. அந்த மூன்று கோல் எத்தனை சீட்டை மாற்றியது என்று யாரும் அளக்க முடியாது, அதனால்தான் சந்தேகம் இன்றுவரை தீரவில்லை.

இதையெல்லாம் பன்னிரண்டு அணி ஆடும் ஓர் ஊர்த் தொடருக்குக் கொண்டுவர ஒரு அட்டையும் இரண்டு பேனாவும் போதும். அரையிறுதி முடிந்ததும் கமிட்டி ஆறு பெயர் கொண்ட பட்டியலைத் தயார் செய்ய வேண்டும், அதில் ஒரு கோல்கீப்பரோ டிஃபெண்டரோ கட்டாயம் இருக்கட்டும். பிரிவுகள் நான்கு: கேப்டன்கள், கோச்சுகள், ரெஃப்ரிகள், பார்வையாளர்கள். செய்தியாளருக்குப் பதில் ரெஃப்ரி ஏன் என்றால், அத்தனை ஆட்டத்தையும் பத்தடி தூரத்தில் நின்று பார்த்தவர் அவர்தான். பார்வையாளருக்கு நுழைவுச் சீட்டின் பாதியே ஓட்டுச்சீட்டு, அடிக்கட்டையில் இருக்கும் எண் அதிலும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே கையெழுத்தில் நாற்பது சீட்டு வந்து விழும். ஆறு பேர் பட்டியலுக்கு மாற்றுப் புள்ளிகள் 8, 6, 4, 3, 2, 1. ஒரு பிரிவுக்குள் முதல் இருவர் சமமானால் 8ஐயும் 6ஐயும் கூட்டி ஆளுக்கு 7.

எண்ணும்போது ஒருவர் படிக்க, ஒருவர் எழுத வேண்டும். ஒரு சீட்டில் 5, 3, 1 சேர்ந்து 9 புள்ளி என்பதால், ஒரு பிரிவின் மொத்தம் சீட்டு எண்ணிக்கையை 9ஆல் பெருக்கியதற்குச் சமமாக இருந்தாக வேண்டும். 12 கேப்டன்கள் என்றால் 108. 107 வந்தாலும் 110 வந்தாலும் எங்கோ ஒரு வரி தவறிவிட்டது, பெயரை அறிவிக்காமல் மறுபடி எண்ணுங்கள்.

கெட்டுப்போகும் இடங்கள் தெரிந்தவைதான். தன் ஆளை மட்டும் எழுதிவிட்டு மற்ற இரண்டு இடத்தைக் காலியாக விடுவது முதல் தந்திரம். எதிராளிக்குப் போக வேண்டிய 3 புள்ளி அங்கே செத்துவிடும். மூன்று பெயர் இல்லாத சீட்டு செல்லாது என்று முன்பே அச்சிட்டுவிட வேண்டும். ஃபிஃபா தன் அணிக்காரருக்கு ஓட்டுப் போட அனுமதிக்கிறது. ஊர்த் தொடரில் அது வேண்டாம். தடை போட்டால் பட்டியலில் இருக்கும் ஒவ்வொருவரும் தன் கேப்டன், தன் கோச் என்று சரியாக இரண்டு ஓட்டாளரைத்தான் இழக்கிறார், யாருக்கும் அநியாயம் இல்லை. முதல் சுற்றில் தோற்ற அணி கடைசி பஸ்ஸைப் பிடித்துப் போய்விடும் என்பதால், அவர்கள் சீட்டை நிரப்பிக் கையெழுத்துப் போட்டு வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பலாம். இறுதி ஆட்டத்தின் கடைசி விசிலிலிருந்து பத்து நிமிடம் வரை ஏற்றுக்கொள்வது என்று வைத்தால் அந்த ஆட்டமும் கணக்கில் சேரும். அதற்குப் பிறகு வருவது யாருடையதாக இருந்தாலும் எடுக்கக்கூடாது. இறுதி ஆட்டத்தில் கோல் அடித்தவர் மட்டுமே நினைவில் நிற்பதைத் தடுக்க, அதுவரை நடந்த ஒவ்வொரு ஆட்டத்தின் கோல், பாஸ், தடுத்த பந்து விவரத்தையும் சீட்டின் பின்பக்கமே அச்சிட்டுக் கொடுங்கள்.

கேப்டன், கோச், ரெஃப்ரி சீட்டுகளை மேடைக்குப் பக்கத்தில் பெயரோடு ஒட்டிவிடுங்கள். ஃபிஃபாவும் பிரான்ஸ் ஃபுட்பாலும் யார் யாருக்குப் போட்டார் என்பதை வெளியிடுகின்றன. பெயர் ஊரறியத் தொங்கும் என்று தெரிந்தால், நல்ல எதிராளியை மூன்றில் ஒன்றாகக்கூட எழுதாமல் விட எந்தக் கேப்டனுக்கும் கை கூசும்.