‘ஸ்பேஷியல்’: இடமா, வெளியா, திக்கா?

அண்ணன் மகள் உளவியல் முதுகலை படிக்கிறாள். புலனறிவு, ஸ்பேஷியல் சிந்தனை (எது எங்கே, எந்தப் பக்கம் இருக்கிறது என்று மனதில் பிடித்துக்கொள்வது), நினைவு மூன்றையும் சேர்த்து ஒரு ஆய்வு, அதற்குத் தமிழில் வினாத்தாள். சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு பெரியவரிடம் போய் “உங்கள் இடம் சார்ந்த நினைவு எப்படி இருக்கிறது?” என்று வாசித்திருக்கிறாள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “எடமா? நாலு செண்டு கெடக்கு தாயி, பத்திரம் மூத்தவன்கிட்ட இருக்கு” என்றாராம். ராத்திரியே போன். “சித்தப்பா, ஸ்பேஷியலுக்குச் சரியான தமிழ் என்ன?”

அவளிடம் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

‘ஸ்பேஷியம்’ என்ற லத்தீன் சொல்லுக்கு இடைவெளி, பரப்பு, தூரம் என்று பொருள். அதிலிருந்து வந்த ‘ஸ்பேஸ்’ பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்தது, ஸ்பேஷியல் அதன் பெயரடை. தமிழில் சிலர் ‘இடஞ்சார்’ என்கிறார்கள், சிலர் ‘வெளிசார்’ என்கிறார்கள். வெளி என்றதும் ஜனங்களுக்கு விண்வெளிதான் ஞாபகம் வரும். இயற்பியலுக்கு அது பொருந்தும், அடுக்களையில் உப்பு டப்பா எங்கே இருக்கிறது என்று நினைவு வைத்துக்கொள்வதற்கு வெளி எதற்கு?

இடம் என்ற சொல்லிலும் சிக்கல் இல்லாமல் இல்லை. அது மனை, அது இடப்பக்கம், இலக்கணத்தில் தன்மை முன்னிலை படர்க்கையும் இடம்தான். கன்னடத்தில் இடப்பக்கத்துக்கு ‘எட’, இடத்துக்கு ‘எடெ’ என்று ஒரு சிறு வேறுபாடாவது உண்டு, நமக்கு இரண்டும் ஒரே எழுத்தில் வந்து நிற்கின்றன. மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில், எலி ஒரு குறிப்பிட்ட மூலைக்குப் போனால் மட்டும் துடிக்கிற செல்களை 1971இல் நரம்பியல் ஆய்வாளர் ஜான் ஓ’கீஃப் கண்டு சொன்னார், 2014இல் மோசர் தம்பதியோடு சேர்ந்து நோபல் பரிசும் வாங்கினார். அதை ‘இடச்செல்’ என்று தமிழில் எழுதினால் பாதிப் பேர் மூளையின் இடப்பக்கத்துச் செல் என்றுதான் வாசிப்பார்கள்.

ஆனாலும் இடம் என்ற சொல்லைத் தூக்கிப் போட எனக்கு மனசில்லை. காரணம் தொல்காப்பியம். ஏழாம் வேற்றுமைக்கு இடப்பொருள் சொல்லும்போது கண், கால், தலை என்று உடம்பை வைத்தும், முன், பின், உள், புறம் என்று பொருளை வைத்தும், வலம், இடம் என்று கையை வைத்தும் பத்தொன்பது சொற்களை அடுக்குகிறது. நடுவில் ‘தேவகை’ என்று ஒன்று வருகிறது, உரைகாரர்கள் அதைத் திசைக்கூறு என்கிறார்கள். ‘சார்’ கூட அந்தப் பட்டியலில் இருக்கிறது பாருங்கள். ஆக ‘இடஞ்சார்’ என்பது நேற்று அகராதிக்காரர் யாரோ ஒட்டவைத்த சொல் போலத் தெரிந்தாலும் இரண்டு பாதியும் பழைய சரக்கு.

அந்தத் தேவகைதான் நம்ம திக்கு. திருநெல்வேலிச் சீமையில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், பந்தியில் உட்காரும்போது “கொஞ்சம் வடக்க தள்ளி ஒக்காருல” என்று யாராவது சொல்லாமல் ஒரு கல்யாணம் முடிந்ததில்லை. எங்கள் ஆச்சி அரங்குவீட்டில் இருக்கிற பானையைச் சொல்வதே “தெக்குச் செவர ஒட்டி, மேக்க இருந்து ரெண்டாவது” என்றுதான். அவளைச் சென்னைக்குக் கூட்டிப்போய் ஏழாவது மாடியில் விட்டபோது முதலில் கேட்டது தண்ணியும் இல்லை, காப்பியும் இல்லை. “இந்த வீட்டுல கெழக்கு எங்கிட்டு இருக்கு?” அது தெரிகிற வரைக்கும் அவளுக்கு எதை எங்கே வைத்தோம் என்று பிடிபடவில்லை.

கிழக்கு, மேற்கு என்ற சொற்களே கீழ், மேல் என்பதிலிருந்து வந்தவை. குணக்கு, குடக்கு என்று பழைய பெயர்களும் உண்டு, ஆனால் நின்றது மேடும் பள்ளமும்தான். மேற்கே பொதிகையில் பிறந்து கிழக்கே புன்னைக்காயலில் கடலுக்குப் போகிற தாமிரபரணியைப் பார்த்து வளர்ந்தவனுக்கு ஏன் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. டவுனில் நெல்லையப்பர் கோயிலைச் சுற்றி மேலரத வீதி, கீழரத வீதி என்றால் ஒன்று உயரத்திலும் ஒன்று பள்ளத்திலும் இருக்கிறது என்று வெளியூர்க்காரர் நினைத்துக்கொள்வார், நமக்கு அது திசை.

இதை ஆய்வுக்கூடக்காரர்கள் விட்டுவைக்கவில்லை. நெதர்லாந்தில் நைமேகன் நகரத்து மேக்ஸ் பிளாங்க் மொழியுளவியல் நிறுவனத்தில் ஸ்டீபன் லெவின்சன் குழு 1990களில் பல மொழிக்காரர்களிடம் ஒரு சோதனை நடத்தியது. மேசையில் பொம்மை மிருகங்களை ஒரே பக்கம் பார்த்து வரிசையாக வைப்பார்கள், பார்த்து மனதில் வைத்துக்கொள் என்பார்கள், அப்புறம் ஆளை அப்படியே எதிர்த்திசைக்குத் திருப்பி இன்னொரு மேசையில் அதே மாதிரி அடுக்கச் சொல்வார்கள். வலம் இடம் வைத்து நினைப்பவர் வலப்பக்கம் பார்த்த மாட்டை மறுபடி வலப்பக்கமே திருப்பி வைப்பார். திக்கை வைத்து நினைப்பவருக்கு வடக்கே பார்த்த மாடு வடக்கேதான் பார்க்கும், அவர் உடம்பு எப்படித் திரும்பினால் என்ன? அந்தக் குழுவில் எரிக் பெடர்சன் நம்ம ஆட்களிடம் செய்து பார்த்தார். ஒரே தமிழ்தான், ஆனால் நகரத்தார் பேச்சில் வலது இடது அதிகம், கிராமத்தார் பேச்சில் திசை அதிகம், பொம்மை அடுக்குவதிலும் அந்தச் சாய்வு தெரிந்தது. மொழியால்தான் இப்படி என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. சுற்றிலும் என்ன தெரிகிறது என்பதைப் பொறுத்து விடை மாறும் என்று 2002இல் பெக்கி லீயும் லைலா கிளைட்மனும் மறுத்து எழுதினார்கள். மாடியில் ஆச்சி முழித்ததை நினைத்தால் அதிலும் கொஞ்சம் நியாயம் இருப்பதாகத்தான் எனக்குப் படுகிறது.

சரி, சொல்லுக்கு வருவோம். ஸ்பேஷியல் என்பதற்கு ‘இடஞ்சார்’ இருக்கட்டும், கட்டுரைக்கும் தேர்வுத்தாளுக்கும் அது போதும். ஸ்பேஷியல் திங்கிங் என்பதற்கு ‘இடமறிதல்’ என்பேன், ‘இடஞ்சார்ந்த சிந்தனை’ என்றால் நிலபுலம் பற்றிய கவலை மாதிரி இருக்கிறது. ஓரியண்டேஷன் என்ற சொல்லுக்குள்ளேயே கிழக்கு இருக்கிறது, லத்தீனில் ‘ஓரியன்ஸ்’ என்றால் சூரியன் உதிக்கிற பக்கம், அதற்குத் ‘திக்கறிவு’ அச்சாகப் பொருந்தும். ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்பதை எதை வைத்துச் சொல்கிறோமோ அதற்கு இயற்பியல் பாடநூலில் ‘குறிப்பாயம்’ என்று நல்ல சொல் கிடக்கிறது, அதை எடுத்துத் திசைக் குறிப்பாயம், ஆள் குறிப்பாயம், பொருள் குறிப்பாயம் என்று மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம்.

வாயால் கேட்கிற கேள்வியில் மட்டும் இதில் ஒன்றுகூட வேண்டாம் என்று அவளிடம் சொன்னேன். மறுவாரம் அதே பெரியவரிடம் போனாள். “தாத்தா, கண்ண மூடிக்கிட்டு உங்க வாசல்ல நிக்கிறதா நெனச்சுக்கோங்க. ஆத்துக்கு எந்தத் திக்குல போகணும்?”

அவர் கண்ணை மூடவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே கையை நீட்டி, “இந்தா, நேர வடக்க. இதுக்கு எதுக்குத் தாயி கண்ண மூடணும்?”