குளோரெல்லாவின் சுவர்

"அப்பா வார்ஃபரின் சாப்பிடுகிறார். சித்தப்பா குளோரெல்லா மாத்திரை வாங்கி வந்திருக்கிறார். உடம்பில் உள்ள நச்சையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிடுமாம். கொடுக்கலாமா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார்.

மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். குளோரெல்லா பச்சைப்பாசி, கீரையைப் போல அதிலும் வைட்டமின் கே உண்டு. ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்ளும் வார்ஃபரினுக்கு அது நேர் எதிரி.

இனி அந்த உறிஞ்சும் கதை. ஒரு மாத்திரையைத் தண்ணீரில் ஊறப்போட்டுக் கலக்குங்கள். டம்ளர் அடியில் கரும்பச்சைச் சேறு படியும், குளத்துப் படிக்கட்டு வாசம் வரும். அந்தச் சேறு முழுக்க 2 முதல் 10 மைக்ரோமீட்டர் அளவுள்ள உருண்டைச் செல்கள். 1890-ல் டச்சு அறிஞர் பெயரிங்க் விவரித்த உயிர் இது. ஒளிச்சேர்க்கையின் பாதையைக் கண்டுபிடித்து 1961-ல் நோபல் வாங்கிய கால்வினும் இதை வைத்து ஆராய்ந்தவர்தான்.

எனக்கு இதில் பிடித்தது அதன் சுவர். தாய்ச்செல் தன் சுவருக்குள்ளேயே பெரும்பாலும் நான்காகப் பிரியும். குட்டிகள் உள்ளே இருந்தபடியே ஆளுக்கொரு புதுச் சுவர் கட்டிக்கொள்ளும். பிறகு நொதிகள் பழைய சுவரை அரிக்க, அது கிழிந்து நான்கும் வெளியேறும். காலி ஓடு தண்ணீரில் கிடக்கும். எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத காட்சி!

அந்தச் சுவர் நம் குடலுக்கு லேசில் மசியாது. மெல்லாமல் விழுங்கிய எள்ளைப் போலத்தான். அதனால்தான் ஆலையில் நுண்மணிகளோடு சேர்த்து அரைத்து உடைக்கிறார்கள்.

அதே சுவரில் எதிர்மின்னூட்டம் கொண்ட இடங்கள் உண்டு. தண்ணீரில் உள்ள ஈயம், காட்மியம் அயனிகள் அங்கே ஒட்டிக்கொள்ளும். கழிவுநீரில் இது நல்ல வேலைக்காரன். விற்பவர்கள் இதைப் பிடித்துக்கொண்டு, உடம்புக்குள்ளும் அப்படியே நடக்கும் என்கிறார்கள். தொட்டித் தண்ணீரும் நம் ரத்தமும் ஒன்றா? அந்த வேலைக்குக் கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன. பாசி வளர்ந்த தண்ணீரில் ஈயம் இருந்தால், அதைக் கட்டிக்கொண்டு மாத்திரைக்குள்ளேயே வந்துவிடும் என்பதுதான் உண்மையான கவலை. கடையில் விற்கும் ஒவ்வொரு தொகுதியையும் சோதிக்க நம் பல்கலைக்கழக ஆய்வகங்களுக்கு அரசு பணம் ஒதுக்க வேண்டும். விளம்பரத்தை நம்பி எத்தனை நாள் விழுங்குவது?

சத்து இல்லாமல் இல்லை. உலர்ந்த எடையில் பாதிக்கு மேல் புரதம். ஆனால் 3 கிராம் மாத்திரையில் கிடைப்பது 2 கிராமுக்கும் குறைவு; ஒரு முட்டையில் சுமார் 6 கிராம். இதேபோல் மாத்திரையாக விற்கும் நீலப்பச்சைப்பாசியான ஸ்பைருலினாவில் இருப்பது பெரும்பாலும் நம் உடம்புக்கு உதவாத போலி வைட்டமின் பி12. குளோரெல்லாவில் நிஜ பி12 இருக்கலாம், ஆனால் அளவு தயாரிப்புக்குத் தயாரிப்பு ரொம்பவே மாறும்.

அப்பாவை அடுத்த ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போகும்போது அந்த டப்பாவையும் கையோடு கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள். அதுவரை அலமாரியிலேயே இருக்கட்டும்.