பாலியல் தொழிலும் சட்டமும்: பிடிபட்டவருக்கு என்ன உரிமை?

"யாழ். நகரில் விடுதி முற்றுகை, பெண்கள் கைது" என்று ஒரு செய்தி வந்தால் எங்கட ஆக்கள் தேடுவது எந்த இடம், எந்த ஊர்ப் பொம்பிளை, என்ன வயது என்பதைத்தான். எந்தச் சட்டத்தின் கீழ் பிடித்தார்கள் என்பது செய்தியிலும் அநேகமாக இராது. பிடிபட்டவருக்கோ அதுதான் முதலில் தெரியவேண்டியது.

வயது வந்த ஒருவர் காசு வாங்கிக்கொண்டு தன் சம்மதத்தோடு உறவு கொள்வதைத் தனிக் குற்றமாக இலங்கைச் சட்டம் எங்கும் சொல்லவில்லை. வழக்குகள் பெரும்பாலும் வெள்ளைக்காரன் காலத்துக் கட்டளைச் சட்டங்கள் இரண்டின் கீழ்தான் போடப்படுகின்றன. ஒன்று 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம். மற்றது 1889இன் விபச்சார விடுதிகள் கட்டளைச் சட்டம்.

1841இன் சட்டத்தில் 3ஆம் பிரிவைக் கவனமாக வாசிக்கவேண்டும். பாலியல் தொழில் செய்யும் பெண் தெருவில் திரிவது மட்டும் அங்கே போதாது. குழப்பமாகவோ அநாகரிகமாகவோ நடந்துகொண்டிருக்கவும் வேண்டும். அதற்கு முதல்முறைத் தண்டனை 14 நாள் வரை மறியல் அல்லது 10 ரூபா வரை தண்டம். 10 ரூபாவுக்கு இன்றைக்கு ஒரு பிளேன்ரீயும் கிடையாது. சட்டம் எவ்வளவு பழசு என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். 7ஆம் பிரிவு பொது இடத்தில் ஒருவரை உறவுக்கு அழைப்பதைப் பற்றியது. தண்டனை ஆறு மாதம் வரை சிறை, அல்லது 100 ரூபா வரை தண்டம், அல்லது இரண்டும். இந்தப் பிரிவு "எவரேனும் ஓர் ஆள்" என்றுதான் சொல்கிறது. மோட்டார் சைக்கிளை நிறுத்தி "வாறியோ" என்று கேட்கிற ஆம்பிளையும் அதற்குள் வருவார். வழக்கு அவர்மேல் பாய்ந்ததாகப் பத்திரிகையில் எப்போதாவது வாசித்திருக்கிறீர்களா? ஒழுக்கம் பற்றி ஊர் கதைக்கும்போது பொம்பிளையின் பெயர் மட்டும் அடிபடுவதற்குச் சட்டத்தைச் சாட்டமுடியாது. அது எங்கட பழக்கம்.

1889இன் சட்டம் விடுதியை நடத்துகிறவர், அதற்கு உதவுகிறவர், தெரிந்துகொண்டே வீட்டை அல்லது லொட்ஜை அதற்கு விடுகிற சொந்தக்காரர் ஆகியோரைப் பிடிக்கிறது. முதல் தடவைக்கு 500 ரூபா வரை தண்டம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

உண்மையான கடுமை தண்டனைச் சட்டக்கோவையில் இருக்கிறது. ஒருவரைப் பாலியல் தொழிலுக்குக் கொண்டுவந்து சேர்ப்பவருக்கு 360அ பிரிவின்படி 2 முதல் 10 வருடம் வரை சிறை. சேர்க்கப்பட்டவர் சம்மதித்தார் என்று சொல்லித் தப்பமுடியாது. ஏமாற்றியோ, மிரட்டியோ, ஒருவரின் இயலாமையைப் பயன்படுத்தியோ கடத்தினால் 20 வருடம் வரை போகலாம். கொழும்பில் கடை வேலை, வெளிநாட்டில் வீட்டு வேலை என்று கூட்டிப்போகிறவர்களை இந்தக் கண்ணால்தான் பார்க்கவேண்டும். 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை என்றால் சம்மதம் என்ற கதைக்கே இடமில்லை; அந்தப் பிள்ளை பாதிக்கப்பட்டவர், குற்றவாளி அல்ல. 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்துக்கு அழைத்துச் சொல்லலாம்.

இனி, கைது செய்தால். என்ன காரணம் என்று கேட்கலாம். சொல்லவேண்டியது பொலிஸாரின் கடமை, அது அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரையில் இருக்கிறது. பெண்ணைப் பெண்தான் சோதனையிடவேண்டும், அதுவும் மரியாதை கெடாமல். பயண நேரம் நீங்கலாக 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்தவேண்டும். கைப்பையில் ஆணுறை வைத்திருப்பதை எந்தச் சட்டமும் குற்றம் என்று சொல்லவில்லை. அதைக் காட்டி வெருட்டினால் பயப்படவேண்டாம்.

நீதிமன்ற வாசலில் வழக்கமாகக் கிடைக்கும் புத்திமதி: "ஒப்புக்கொண்டு தண்டத்தைக் கட்டு பிள்ளை, கரைச்சல் முடிஞ்சுது." கரைச்சல் முடியாது, பதிவு இருக்கும். அடுத்தமுறை பிடிபடும்போது அதுவே முன்னால் வந்து நிற்கும். சில வழக்குகளில் தண்டத்தோடு விடாமல், கங்கொடவிலவில் இருக்கும் மெத்செவண தடுப்பு இல்லத்துக்கு அனுப்பவும் கட்டளை வரலாம். அதனால் ஒப்புக்கொள்ள முதல் சட்டத்தரணி ஒருவரோடு கதையுங்கள். வருமானம் குறைந்தவருக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இலவசமாக உதவும். அதன் நிலையம் யாழ்ப்பாணத்திலும் இருக்கிறது. பொலிஸார் அடித்தாலோ, காசு கேட்டாலோ, வேறெதுவும் கேட்டாலோ மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு செய்யலாம். இலக்கம் 1996. ஒரு மாதத்துக்குள் செய்துவிடுங்கள். உயர்நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை வழக்குப் போடுவதற்கு இருப்பதும் ஒரு மாதம்தான். அதற்குள் ஆணைக்குழுவுக்குப் போனால் விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது.

வாடிக்கையாளர் பலவந்தம் செய்தால் அது வன்புணர்வுதான். "இந்தத் தொழில் செய்யிறவளுக்கு என்ன" என்று கேட்பவர் சட்டம் தெரியாதவர். பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்கும் 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் அந்தப் பெண்ணையும் பாதிக்கப்பட்டவராகவே பார்க்கும். பெண்களுக்கான அரச உதவி இலக்கம் 1938.

பெரியாஸ்பத்திரியின் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். வேறு வைத்தியரின் கடிதம் தேவையில்லை, விபரம் வெளியே போகாது.

தொழில் சரியா பிழையா என்று கேட்பவர்கள் அதற்கு முந்திய கட்டத்தையும் பார்க்கவேண்டும். போரில் புருஷனை இழந்து தனியே குடும்பம் நடத்துகிற பெண்கள் வடக்கில் ஏராளம். கிழமைக்கொருக்கா லோன்காரன் வந்து படலையில் நின்று சத்தம் போடுகிறபோது ஒழுக்கத்தைப் பற்றி ஒருவரும் கதைக்க வருவதில்லை. பிறகு வருகிறோம். அயலுக்குப் பொறுப்பு என்று ஒன்று இருந்தால் அது அந்தப் படலையடியில் தொடங்கவேண்டும். பிரதேச செயலகத்தில் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருக்கிறார். உளவளத்துணையும் அங்கே கிடைக்கும். அரசாங்கத்தின் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவுக்குப் பார்ப்பது கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீடு, குடும்ப அமைப்பு. நடத்தை அந்தப் பட்டியலில் இல்லை. "அவளுக்கு ஏன் குடுக்கிறியள்" என்று பக்கத்து வீட்டார் விதானையாரிடம் போய்ச் சொல்வது ஒரு காரணமாகாது.

பிள்ளைகள் விடயத்தில் ஒன்று. கலியாணம் செய்யாத தாய் தனியாகவே பிறப்பைப் பதியலாம். தகப்பன் பெயரை எழுதவேண்டும் என்று எவரும் வற்புறுத்தமுடியாது. அந்த இடம் வெறுமையாக இருந்தாலும் அது செல்லுபடியாகும் பிறப்புச் சான்றிதழ்தான். அதைக் காட்டி ஒரு பாடசாலை பிள்ளையைச் சேர்க்க மறுத்தால், காரணத்தை எழுத்தில் தரும்படி கேளுங்கள். அந்தக் கடிதத்தோடு வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போங்கள்.