போன் நன்றாகப் பேசுகிறது, நெட் மட்டும் ஏன் விழுகிறது?

நான் போன் லைன் பழுது பார்ப்பவன். இதே புகாருக்காக இந்த மாதத்தில் போன நான்காவது வீடு இது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருடையது. மகளுக்கு மாடி அறையில் கம்ப்யூட்டர் வேலை. கூடத்தில் இருந்த மோடத்தை மேலே கொண்டுபோக, கடையில் 20 மீட்டர் தட்டை போன் வயர் வாங்கி இழுத்திருக்கிறார்கள். வழியில் மூன்று ஜாயிண்ட், மூன்றிலும் கம்பியை முறுக்கி இன்சுலேஷன் டேப். போதாததற்கு மின்சார பைப்போடு சேர்த்துக் கட்டியிருந்தது. கீழே போன் அடித்து யாராவது எடுத்தால் மேலே மோடத்தில் டிஎஸ்எல் (போன் கம்பி வழியாக வரும் நெட்) விளக்கு அணைந்துவிடும். "வெளியே லைன் கோளாறு" என்று மூன்று முறை புகார் கொடுத்திருக்கிறார்கள்.

மோடத்தைக் கீழே ரொசெட் பெட்டியில், அதாவது வெளி லைன் வீட்டுக்குள் வந்து சேரும் சுவர்ப் பெட்டியில், நேராகச் செருகிக் காட்டினேன். 9 எம்பிபிஎஸ். மாடியில் 3கூட நிற்கவில்லை.

"போன்ல குரல் தெளிவா கேட்குதே தம்பி, வயர்ல என்ன குறை?" என்றார். எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்வி இதுதான். ஐயா, குரல் தெளிவாகக் கேட்பதை வைத்து வயர் நல்லது என்று சொல்லவே முடியாது. பேச்சுக்கு 4 கிலோஹெர்ட்ஸ் போதும். அதைக் களிம்பு பிடித்த கம்பிகூடச் சுமக்கும். அதே கம்பியில் ஏடிஎஸ்எல் என்ற டிஎஸ்எல் வகை 25 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே தொடங்குகிறது. அதன் வேகமான வகையான ஏடிஎஸ்எல்2+ என்றால் 2.2 மெகாஹெர்ட்ஸ், அதாவது 22 லட்சம் ஹெர்ட்ஸ் வரை போகிறது. அந்த உயரத்தில் முறுக்கில்லாத தட்டை வயர் ஏரியல் மாதிரி. பக்கத்தில் ஓடும் மோட்டார், மலிவு சார்ஜர் எல்லாவற்றின் இரைச்சலையும் இழுத்துக்கொள்ளும். இரண்டு கம்பிகளையும் ஒன்றோடொன்று முறுக்கி வைப்பதே அந்த இரைச்சலைக் குறைக்கத்தான். அதே லைனில் சேர்த்திருந்த பழைய பேரலல் போனை (இரண்டாவது போனை) கழற்றிய பிறகு சுவரில் தொங்கும் வயரும் சும்மா இருப்பதில்லை. சிக்னல் அதன் முனை வரை போய்த் திரும்பி வந்து குழப்பும். அதைக் கழற்றி விடுங்கள்.

முடிந்தவரை மோடத்தை நகர்த்தாதீர்கள். லைன் வீட்டுக்குள் நுழைகிற இடத்திலேயே அது இருக்கட்டும். அங்கிருந்து மாடிக்கு லேன் கேபிள் இழுங்கள். 100 மீட்டர் வரை தாங்கும், எந்த வீட்டுக்கும் அது தாராளம். மேலே வைஃபை வேண்டுமானால் அந்த முனையில் ஒரு ஆக்சஸ் பாயிண்ட் (வைஃபை பரப்பும் பெட்டி) வையுங்கள்.

நகர்த்தியே ஆகவேண்டும் என்றால், ஸ்பிளிட்டரை (பேச்சையும் நெட்டையும் பிரிக்கும் சிறு பெட்டியை) ரொசெட் பக்கத்திலேயே வையுங்கள், மாடியில் அல்ல. வீட்டில் உள்ள எல்லா போனும் அதன் போன் துளையிலிருந்துதான் போகவேண்டும். மோடம் துளையிலிருந்து கேட்-5இ கேபிளில் (லேனுக்குப் போடும், ஜோடி ஜோடியாக முறுக்கிய கேபிள்) ஒரே ஜோடியை எடுங்கள்: நீலம், அதோடு முறுக்கியிருக்கும் நீலக்கோடு போட்ட வெள்ளை. நீலத்தில் ஒன்று, ஆரஞ்சில் ஒன்று என்று எடுத்த வீட்டையும் பார்த்திருக்கிறேன். அப்படி எடுத்தால் முறுக்கினால் வரும் பலன் போய்விடும். நடுவில் ஜாயிண்ட் கூடாது. மின்சார வயரோடு ஒரே பைப்பில் விடவே கூடாது. லைனில் வேலை செய்யும்போது யாராவது கூப்பிட்டால் மணிக்கான மின்சாரம் வரும், கையில் நன்றாகவே அடிக்கும். ஆகவே முதலில் ரொசெட்டில் கழற்றிவிடுங்கள்.

ஃபைபர் வைத்திருப்பவர்கள் அந்தக் கேபிளை வெட்டி ஒட்ட நினைக்கவே வேண்டாம். அதற்குத் தனி மெஷின் இருக்கிறது.

ஐப்பசி, கார்த்திகையில் இடி தொடங்கும் முன்பே கரண்ட் பிளக்கோடு லைன் வயரையும் மோடத்திலிருந்து பிடுங்குங்கள். கரண்டை மட்டும் அணைத்துவிட்டு, கருகிய மோடத்தோடு வந்து நிற்கிறார்கள், மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

புகார் கொடுக்கும் முன் ஒரே ஒரு வேலை செய்யுங்கள், தயவுசெய்து. மற்ற போன்களையெல்லாம் கழற்றிவிட்டு, மோடத்தை ரொசெட்டில் நேராகச் செருகி, அரை மணி நேரம் விட்டு வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கேயும் விழுந்தால் வெளி லைனைப் பார்ப்பது எங்கள் வேலை, வருகிறோம். அங்கே நின்றால், பார்க்க வேண்டியது உங்கள் மாடிக்குப் போகிற அந்த வயரைத்தான்.